தொட்ட காய்

மத்தியானம் இரண்டு மணி. மூடிப்போன மில்லின் பின்பக்கத்துச் சாலை. ஒரு பக்கம் நீளச் சுவர், இன்னொரு பக்கம் முள்புதர். நாய்கூடத் தலைகாட்டாத வெயில். அந்தச் சாலையில் சித்தி தனியாக நடந்துகொண்டிருந்தார்.

பின்னால் யாரோ வருகிற சத்தம்.

செருப்புச் சத்தம்தான். ஒரு கால் சரியாக விழுகிறது... இன்னொரு கால் இழுபடுகிறது. டப்... சர்ர். டப்... சர்ர். சித்தி நின்றால் அதுவும் நிற்கிறது. நடந்தால் அதுவும் நடக்கிறது. கூடவே ஒரு வாசனை. யூகலிப்டஸ் தைலம். காற்றே இல்லாத சாலையில் அந்த வாசனை மட்டும் முதுகில் வந்து ஒட்டுகிறது.

சித்தி திரும்பிப் பார்க்கவில்லை.

“வா அண்ணா. நேரமாயிடுச்சு,” என்று மட்டும் சொன்னார்.

“ஏய்... பட்டப்பகல்ல பேயா?” என்று கேட்டாள் ஜன்னல் ஓரத்துக் கட்டில்காரி.

“பகல்லதான். ராத்திரி வர்றதுக்குக் கதவைச் சாத்திக்கலாம். பகல்ல வர்றதுக்கு என்ன பண்ணுவ?” கதை சொன்னவள் போர்வையை இழுத்துக்கொண்டாள். “பாத்ரூம் போறவங்க இப்பவே போயிட்டு வந்துடுங்க. அப்புறம் துணைக்குக் கூப்பிட்டா நான் வரமாட்டேன்.”

யாரும் எழுந்திருக்கவில்லை. விடுதியில் கரண்ட் போய் வெகு நேரம் ஆகியிருந்தது. இரண்டு கட்டில்களைச் சேர்த்துப் போட்டு, ஒரே போர்வைக்குள் எல்லாருடைய கால்களும் இருந்தன. சித்தி என்றால் அறைத் தோழி ‘கண்ணாடி’யின் சித்தி. தடித்த கண்ணாடி போட்டிருப்பதால் அவளுக்கு அந்தப் பெயர். அதே அறையில்தான் படுப்பாள். அன்றைக்கு அவள் வீட்டுக்குப் போயிருந்தாள். இருந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்ல விட்டிருக்க மாட்டாள்.

சித்திக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. நாள் முழுக்க ஊசி, பஞ்சு, ஸ்பிரிட். அவர் ஊசி போட்டால் குழந்தைகள்கூட அழாது என்பார்கள். அவ்வளவு நிதானமான கை. அவருக்கு ஓர் அண்ணன் இருந்தார். அச்சகத்தில் வேலை. சின்ன வயதுக் காய்ச்சலில் ஒரு கால் இழுத்துக்கொண்டது. வருஷம் முழுக்கச் சளி. கைக்குட்டையில் யூகலிப்டஸ் தைலத்தைத் தெளித்து மடித்துப் பையில் வைத்திருப்பார். அவர் வருவதற்கு முன்னால் அந்த வாசனை வரும்.

அண்ணனுக்கு உலகத்தில் தெரிந்தது செஸ் ஒன்றுதான். சைக்கிள் கடை மாடியில் ஒரு செஸ் கிளப். சாயங்காலம் அச்சகம் விட்டதும் அங்கே போய்விடுவார். கறுப்புக் காய் வந்தால் எப்போதும் ஒரே தடுப்பு ஆட்டம். பிரெஞ்சு டிஃபென்ஸ். வெள்ளைக் காய் ஆடுகிறவன் ராஜா முன்னாலிருக்கிற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவான். இவர் தன்னுடையதை ஒரே ஒரு கட்டம் தள்ளுவார். பார்க்கிறவர்களுக்குப் பயந்த ஆள் மாதிரி இருக்கும். அடுத்து பக்கத்துச் சிப்பாய். இரண்டும் சேர்ந்து ஒரு சுவர். எதிராளி முட்டிப் பார்ப்பான், மோதிப் பார்ப்பான், சுவர் அசையாது. அவன் களைத்துப் போனதும் அவனுடைய கோட்டையின் அடிக்கல்லை இவர் மெதுவாக உருவுவார்.

“பொறுத்தார் பூமி ஆள்வார்னு சொல்றாங்களே, அது இதுதான்,” என்று தங்கையிடம் சொல்வார். சித்திக்கும் அவர்தான் ஆடக் கற்றுக்கொடுத்தார்.

கிளப்புக்கு ஒரு செக்ரட்டரி. நல்ல உயரம், இஸ்திரி கலையாத சட்டை, வாய் நிறையச் சிரிப்பு. வருஷா வருஷம் கோப்பை அவருக்குத்தான். ஒரு வருஷம் அண்ணன் கடைசி ஆட்டம் வரை வந்துவிட்டார். ஜெயிக்கிறவர் கிளப் சார்பாக வெளியூர்ப் போட்டிக்குப் போகலாம். அண்ணன் அதுவரை எந்த ஊருக்கும் போனதில்லை.

செஸ்ஸில் ஒரு சட்டம் உண்டு. ஒரு காயைத் தொட்டுவிட்டால் அதைத்தான் ஆட வேண்டும். கோணலாக நிற்கிற காயை நேராக்க வேண்டுமென்றால்கூட, முதலில் “அட்ஜஸ்ட்” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் தொட வேண்டும். சொல்லாமல் தொட்டால் தொட்டதுதான்.

அந்த ஆட்டத்தில் செக்ரட்டரி தன் குதிரையைத் தொட்டார். தலையைப் பிடித்து லேசாகத் தூக்கியும் விட்டார். அப்புறம்தான் கவனித்தார். குதிரை நகர்ந்தால் நடுச் சிப்பாய்க்குக் காவல் போய்விடும். அது விழுந்தால் எல்லாம் சரியும். கையை எடுத்துவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி யானையை நகர்த்தினார்.

“குதிரையைத் தொட்டீங்க,” என்றார் அண்ணன்.

“நான் தொடலை.”

நடுவர் அப்போதுதான் தண்ணீர் குடிக்கத் திரும்பியிருந்தார். பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் செக்ரட்டரி முகத்தைப் பார்த்தார்கள், அண்ணன் முகத்தைப் பார்த்தார்கள், அப்புறம் தரையைப் பார்த்தார்கள்.

“தோக்கப் போறோம்னு தெரிஞ்சா இப்படியெல்லாம் பேசத் தோணும். சின்னப் பையன், விடுங்க,” என்று சிரித்தார் செக்ரட்டரி.

அண்ணன் அந்த ஆட்டத்தை முடிக்கவில்லை. எழுந்து வந்துவிட்டார். அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. அதற்குப் பிறகு அவர் எங்கே போனாலும் ஆரம்பித்துவிடுவார்கள். டீக்கடையில் உட்கார்ந்தால், “தம்பி, நான் டம்ளரைத் தொட்டுட்டேன், பாத்தியா?” பஸ்ஸில் ஏறினால், “கம்பியைத் தொட்டேன், எழுதி வெச்சுக்கோ.” அச்சகத்திலும் வந்துவிட்டது அந்தப் பேச்சு. அண்ணனுக்குப் பெயரே ‘தொட்டான்’ என்று ஆகிப்போனது. அவர் வெளியே போவதை நிறுத்தினார். வீட்டில் பலகையைப் போட்டு, அந்த ஆட்டம் நின்ற இடத்திலேயே காய்களை அடுக்கி வைத்துக்கொண்டு அதற்கு எதிரில் உட்கார்ந்திருப்பார். அந்த மழைக்காலத்தில் சளி நெஞ்சுக்கு இறங்கியது. ஆஸ்பத்திரியில் கடைசி நாளில் சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, “அவன் தொட்டான். நான் பார்த்தேன்,” என்றார். அவ்வளவுதான்.

சித்தி அழவில்லை. ஒன்றே ஒன்று நினைத்தார். அந்த ஆள் வாயால் ஒரு வார்த்தை. நாலு பேர் முன்னால். ‘தொட்டேன்’ என்று.

“அந்த ஆளுக்கு என்னடி மரியாதை வேண்டிக்கிடக்கு? வந்தான் போனான்னு சொல்லு,” என்றாள் சுவர் ஓரம் உட்கார்ந்திருந்தவள்.

“இரு. அவருக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்கும்.”

அண்ணன் போன பிறகும் பலகை அப்படியே இருந்தது. அம்மா எடுத்து வைக்கச் சொன்னார். சித்தி விடவில்லை. ஒரு நாள் தூசி தட்டும்போது துணி பட்டு ஒரு காய் சாய்ந்தது. கறுப்பு மந்திரி. அந்தச் சுவருக்குப் பின்னால் வெளியே வர வழியில்லாமல் அடைபட்டுக் கிடக்கிறதே, அந்த மந்திரி. சித்தி யோசிக்காமல் அதை நிமிர்த்தி வைத்தார்.

விரல் காயில் இருக்கும்போதே உறைத்தது. அட்ஜஸ்ட் என்று சொல்லவில்லை.

வீட்டில் யாரும் இல்லை. இருந்தாலும் சித்திக்குக் கையை எடுக்க மனம் வரவில்லை. தொட்டாயிற்று. அதுவும் அண்ணனின் காய், அண்ணனின் ஆட்டம். “சரி அண்ணா... நானே ஆடறேன்,” என்று சொல்லி மந்திரியை ஒரு கட்டம் நகர்த்தினார். அப்போது அடுப்படியில் ஆவி பிடிக்க வெந்நீர் கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் அடுப்பு எரியவே இல்லை. திரும்பி வந்தபோது கூடம் முழுக்கத் தைல வாசனை. வந்தது சித்தியின் விரலிலிருந்துதான். சோப்புப் போட்டுக் கழுவினார். வேலைக்குப் போய் ஸ்பிரிட்டில் துடைத்தார். போகவில்லை.

அடுத்த வாரமே கிளப்பில் சேர்ந்துவிட்டார்.

“வாங்க பாப்பா, வாங்க,” என்றார் செக்ரட்டரி. “அண்ணன் மாதிரி பாதி ஆட்டத்துல எழுந்து போக மாட்டீங்களே?”

எல்லாரும் சிரித்தார்கள். சித்தியும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் அவர்கள் பயந்திருக்க வேண்டும்.

சித்தி பெரிய ஆட்டக்காரி ஒன்றும் இல்லை. ஆனாலும் ஜெயித்துக்கொண்டே போனார். சுவரைக் கட்டிவிட்டுக் காத்திருப்பார். எதிராளிதான் ஏதாவது தப்புச் செய்வார். தோற்றவர்களைக் கேட்டால், “அந்தப் பொண்ணு எதிர்ல உட்கார்ந்தா ஏதோ மூக்கடைக்கிற மாதிரி இருக்குப்பா,” என்பார்கள். கோப்பைக்கான கடைசி ஆட்டத்துக்கு செக்ரட்டரியும் சித்தியும் மிஞ்சினார்கள். அந்த ஆட்டத்துக்குத்தான் மில் சாலையில் அந்த இரண்டு மணி வெயிலில் நடந்து போனார். பின்னால் டப்... சர்ர்.

சைக்கிள் கடை மரப்படியில் ஏறினார். தன் காலடிச் சத்தம் கேட்டது. இன்னொன்றும் கேட்டது. மேலே வந்ததும் அது நின்றுவிட்டது.

கிளப் நிறைந்திருந்தது. மின்விசிறி ஒன்று கிறீச் கிறீச் என்று சுற்றியது. செக்ரட்டரிக்கு வெள்ளை. ராஜா சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளிவிட்டு ஆட்டக் கடிகாரத்தைத் தட்டினார். சித்தி தன் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்தினார்.

“இதுவா மறுபடியும்?” செக்ரட்டரி சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். “உங்க வீட்ல தினமும் ஒரே குழம்புதானா பாப்பா?”

“ஊசிப் போகாத வரைக்கும் ஒரே குழம்புதான் சார்,” என்றார் சித்தி.

ஆட்டம் அதே வழியில் போனது. வெள்ளைச் சிப்பாய்கள் முன்னேறின. கறுப்புச் சுவர் நின்றது. கறுப்புக் குதிரை, கறுப்பு ராணி, ஒரு சிப்பாய், மூன்றும் சேர்ந்து வெள்ளையின் அந்த நடுச் சிப்பாயையே முறைத்துக்கொண்டிருந்தன. அதற்குக் காவல் செக்ரட்டரியின் குதிரை. பழைய ஆட்டத்தைப் பார்த்திருந்த நடுவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது.

செக்ரட்டரி வெகு நேரம் யோசித்தார். பிறகு யானையை நகர்த்தக் கையை நீட்டினார்.

கை யானைக்குப் போகவில்லை.

பாதி வழியில் அப்படியே திரும்பியது. மணிக்கட்டை யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி, மெதுவாக... பக்கவாட்டில்... குதிரைக்கு மேலே வந்து நின்றது. விரல்கள் ஒவ்வொன்றாக இறங்கிக் குதிரையின் தலையைப் பிடித்தன.

“நான் தொடலை,” என்றார் செக்ரட்டரி.

பழக்கதோஷம். வாய் சொல்லிவிட்டது. விரல்கள் இன்னும் குதிரையின் மேல்தான் இருக்கின்றன. அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பின்னால் நின்ற ஒருவர் களுக் என்று சிரித்தார். செக்ரட்டரியின் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு பாதியில் அறுந்தது.

அவர் கையை எடுக்கப் பார்த்தார். வரவில்லை. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். நாற்காலிதான் பின்னால் நகர்ந்தது, கை நகரவில்லை. கடிகாரம் டிக் டிக் என்று அவர் நேரத்தைத் தின்றுகொண்டிருந்தது. பிறகு கை தானாகவே குதிரையைத் தூக்கி, ஓரத்தில் ஓர் உதவாத கட்டத்தில் கொண்டுபோய் வைத்தது. டொக். வைத்த பிறகுதான் விரல் விட்டது.

சித்தி வெள்ளையின் நடுச் சிப்பாயை வெட்டி எடுத்தார்.

செக்ரட்டரி வலது கையைத் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். இடது கையால் ஆடப் போனார். தொடைக்கு அடியிலிருந்து வலது கை வெளியே வந்தது. உட்கார்ந்திருந்த ஆளையே ஒரு பக்கம் சாய்த்துவிட்டு வந்தது. இந்தத் தடவை ராணி. ராணியைத் தூக்கிச் சித்தியின் சிப்பாய் வெட்டுகிற கட்டத்தில், வாயில் ஊட்டுகிற மாதிரி வைத்தது.

“உடம்பு சரியில்லைன்னா நிறுத்திக்கலாம் சார்,” என்றார் நடுவர்.

செக்ரட்டரி தலையாட்டினார். தோல்வியை ஒப்புக்கொள்ள ராஜாவைச் சாய்க்க வேண்டும். கையை நீட்டினார். ராஜாவைத் தவிர மற்ற எல்லாக் காய்க்கும் போனது கை. யானை. மந்திரி. இன்னொரு யானை. ஒவ்வொன்றாகத் தூக்கி ஒவ்வொன்றாகக் கொடுத்தது. டொக். டொக். சித்தி ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டார். நிதானமாக. ரத்தம் எடுக்கிற மாதிரி. அவருடைய இரண்டு கைகளும் மேசை மேல் எல்லாருக்கும் தெரியும்படிதான் இருந்தன.

கடைசியில் வெள்ளை ராஜா தனியாக நின்றது. செக்ரட்டரியின் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அறை முழுக்கத் தைல வாசனை, கண் எரிகிற அளவுக்கு.

“என்ன வேணும் உனக்கு?” என்றார். சித்தியைப் பார்த்துக் கேட்கவில்லை. சித்தியின் தோளுக்கு மேலே பார்த்துக் கேட்டார்.

பதில் சித்திதான் சொன்னார். “அன்னைக்குக் குதிரையைத் தொட்டீங்களா சார்?”

மின்விசிறி கிறீச்... கிறீச்...

“தொட்டேன்,” என்றார் செக்ரட்டரி. “தொட்டேம்மா. தூக்கினேன். அந்தப் பையன் சொன்னதுதான் நிஜம். அன்னைக்குப் பக்கத்துல நின்ன இவங்க ரெண்டு பேரும் பார்த்தாங்க, நான்தான் பேசக் கூடாதுன்னு கண்ணைக் காட்டினேன்.”

அந்த நொடியே வாசனை போய்விட்டது. ஜன்னலைத் திறந்துவிட்ட மாதிரி. மரப்படியில் யாரோ இறங்குகிற சத்தம் எல்லாருக்கும் கேட்டது. டப்... சர்ர். டப்... சர்ர். அவசரமே இல்லாமல். கீழே சைக்கிள் கடைக்காரர், “யாருப்பா அது, போறவரு?” என்று கேட்டதும் கேட்டது.

எல்லாரும் சித்தியைப் பார்த்தார்கள். போதும் என்று அவர் ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தார்கள். செக்ரட்டரியும் அப்படித்தான் பார்த்தார், கெஞ்சுகிற மாதிரி.

சித்தி சொல்லவில்லை. கடிகாரத்தையும் நிறுத்தவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். கோப்பை வாங்கக்கூட வரவில்லை.

“அப்போ அண்ணனோட ஆத்மா சாந்தியாயிடுச்சு. முடிஞ்சுதா?” என்று கேட்டாள் ஜன்னல் ஓரத்துக் கட்டில்காரி. அவளுக்கு முடிந்தால் போதும் என்றிருந்தது.

“அண்ணனுக்கு முடிஞ்சுது.”

வீட்டுக்கு வந்த சித்தி பலகையில் இருந்த காய்களைப் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டார். அதற்குப் பிறகு வீட்டில் அந்த வாசனை ஒரு நாள்கூட வரவில்லை. அம்மாகூடச் சொன்னார், “இப்பத்தான் வீடு வீடா இருக்கு.” ஆனால் சித்தி தூங்கவில்லை. கண்ணை மூடினால் டீக்கடை, பஸ், டம்ளர். ஒரு வார்த்தை போதும் என்றுதான் நினைத்திருந்தார். அந்த வார்த்தை கிடைத்துவிட்டது. வாங்கிப் பார்த்தால் கையளவுகூட இல்லை. அண்ணன் செத்ததுக்கு ஒரு ‘தொட்டேம்மா’வா? விடியும்போது எழுந்து பார்த்தால் வலது கை விரல்கள் இறுக மடங்கி, வலித்துக்கொண்டிருக்கும். தூக்கத்தில் எதையோ இறுக்கிப் பிடித்திருந்த மாதிரி.

இப்படியே சில வாரம் போனது. ஒரு நாள் காலையில், பரிசோதனை நிலையத்தில் கூட்டம் குறைந்திருந்த நேரம். திரையை விலக்கிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். செக்ரட்டரி. பாதியாக இளைத்திருந்தார். இஸ்திரி இல்லாத முழுக்கைச் சட்டை. வலது கை கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் தொங்கியது. டாக்டருக்கு என்ன வியாதி என்று புரியவில்லை. ரத்தம் பார்த்துவிட்டு வரச் சொல்லி அனுப்பியிருந்தார்.

சித்தியைப் பார்த்ததும் அவர் ஓடவில்லை. எதிர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“கையை நீட்டுங்க சார்.”

அவர் நீட்டினார். சித்தி முழுக்கையை மேலே சுருட்டிவிட்டார்.

மணிக்கட்டுக்கு மேலே தோலில் பள்ளங்கள். காயம் இல்லை, தழும்பும் இல்லை. மாவில் விரலை அழுத்தினால் விழுமே, அப்படி. ஒரு பக்கம் நாலு, இன்னொரு பக்கம் ஒன்று. அந்த இடம் மட்டும் ரத்தம் ஓடாமல் வெளுத்து, அதற்குக் கீழே கை நீலம் பாரித்துக் கிடந்தது.

சித்திக்கு என்ன தோன்றியதோ. தன் வலது கையை அதன் மேல் வைத்துப் பார்த்தார். கட்டைவிரல் உட்கார்ந்தது. ஆட்காட்டி விரல் உட்கார்ந்தது. பாத்திரத்துக்கு மூடி மாதிரி, ஒவ்வொரு விரலும் அதன் அதன் பள்ளத்தில். அண்ணனின் விரல்கள் நீளம். இந்தப் பள்ளங்கள் நீளமே இல்லை.

சடக்கென்று கையை எடுத்துக்கொண்டார்.

செக்ரட்டரி தலை நிமிரவில்லை. குரல் மட்டும் வந்தது, மெதுவாக, கோபமே இல்லாமல்.

“நான்தான் சொல்லிட்டேனேம்மா... எல்லார் முன்னாலயும். அவன்கூட அன்னைக்கே போயிட்டான். நீ எப்பம்மா விடுவ?”

சித்தி குனிந்து பார்த்தார். அவருடைய இரண்டு கைகளும் மடியில் இருந்தன. செக்ரட்டரியின் மணிக்கட்டில் அந்த ஐந்து பள்ளமும் அவர் பார்க்கப் பார்க்க இன்னும் கொஞ்சம் ஆழமாக இறங்கின.